போணிக்கு எழுப்பிய பிள்ளை

நம் வயதுக்காரர்கள் யாராவது, "எங்க காலத்துல நாலு மணிக்கே எந்திரிச்சிருவோம், இப்பத்திப் புள்ளைக எட்டு மணி வரைக்கும் கவுந்தடிச்சுக் கிடக்குதுக" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வரிசை, அருப்புக்கோட்டை பஸ்ஸு என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. நீங்களும் அப்படிப் பேசுகிற ஆள்தான் என்றால் கோபித்துக்கொள்ளாமல் இதைப் படியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, படியுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் மாடி வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் குடிவந்தது. புருஷன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் காலையில் அவர் மனைவி, முகமெல்லாம் வீங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, பாப்பா தெனமும் நாலரைக்கே முழிச்சுக்கிருது. என்ன செஞ்சாலும் தூங்க மாட்டேங்குது. பகலெல்லாம் நைநைங்குது. நானும் தூங்கி எத்தனையோ நாளாச்சு."

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கப் போடுற?"

"இவுக அப்பா கடை அடைச்சு வரப் பதினோரு மணி ஆயிரும். அவுகளோட வெளையாடிட்டுத்தான் தூங்கும். லேட்டாத் தூங்குனா லேட்டா எந்திரிக்கும்னு பார்த்தேன்."

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். பெரியவர்களுக்கு ஒருவேளை அது சரி. சின்னப் பிள்ளை அலுத்துப்போய்ப் படுத்தால் இன்னும் சீக்கிரம்தான் எழுந்து உட்காரும். நான் அவளிடம் சொன்னேன்: பொழுது சாய்ந்ததும் சாதத்தைக் கொடுத்து எட்டு மணிக்குள் படுக்கப் போடு. அப்பா முகத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளட்டும். ஜன்னலுக்குக் கனத்த கருப்புத் துணி கட்டு. முழித்தாலும் லைட்டைப் போடாதே, போனைக் கையில் கொடுக்காதே, உடனே பாலைக் காய்ச்ச ஓடாதே. பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடு. இன்னும் ராத்திரிதான் என்று பிள்ளைக்கு உடம்பில் உறைக்க வேண்டும். அவள் அப்படியே செய்தாள். ஒரு வாரம் போல ஆனதும் பிள்ளை ஆறு மணிக்கு மேல் தூங்கியது. அந்தப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்தப் புருஷன் மாடிப்படியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, துணியக் கழட்டச் சொல்லிட்டேன். முதல் பஸ்ஸுக்கே கடை தெறக்கணும், கெளம்பையில பாப்பா எந்திரிச்சிருந்து அது முகத்துல முழிச்சிட்டுப் போனா அன்னைக்கு யாவாரம் அள்ளுதும்மா. இந்த ஒரு வாரமா கடையில ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்."

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த மனிதர் படியேறிப் போய்விட்டார். இப்போது மாடி வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். தங்கைக்கு நாலு வயது. அப்பா புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். கடலைப்புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, உளுந்தம்பொட்டு, எல்லாம் மாட்டுத் தீவனம். திருச்சுழி, பரளச்சிப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே காட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் அப்பா விடிவதற்கு முன்பே கடை திறப்பார். ராத்திரி அடைத்துவிட்டு வீட்டுக்கு வரப் பத்து மணி. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் சோறு. நாங்கள் இரண்டு பேரும் பசியில் தூங்கி வழிந்துகொண்டு காத்திருப்போம். அவர் வரும்போது கூடவே புண்ணாக்கு வாசம் வரும். அந்த வாசம் அவருடைய வேட்டியில், விரல் இடுக்கில், எங்களுக்கு அவர் பிசைந்து ஊட்டுகிற சோற்றில்கூட இருக்கும். இன்றைக்கும் எங்காவது கடலைப்புண்ணாக்கு வாசம் அடித்தால் எனக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும்.

வீடு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. ஒரே ஒரு பெரிய அறை. அதில்தான் எல்லோரும் வரிசையாகப் படுப்போம். அந்த வருஷம் மாசி மாதத்தில், காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்த சமயத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே ஒருவர் டீக்கடை போட்டார். நாலு மணிக்கெல்லாம் பாய்லரைப் பற்றவைத்து, வாசலில் ஒரு பெரிய குண்டு பல்பைப் போடுவார். அந்த வெளிச்சம் எங்கள் ஜன்னல் கம்பி வழியாக நேரே உள்ளே விழும். விழுகிற இடத்தில் தங்கை படுத்திருந்தாள்.

அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அழ மாட்டாள், யாரையும் எழுப்ப மாட்டாள். சுவரில் விழுகிற கம்பி நிழலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நாலு வயதுப் பிள்ளை, ஐந்தாறு மணி நேரத் தூக்கத்தில். அவளை மறுபடி படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்திருந்தால், படுக்கையை நாலு முழம் தள்ளிப் போட்டிருந்தால், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாள் கண் விழித்த அப்பாவுக்கு முதலில் தெரிந்தது அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த அவள் முகம்தான். அன்றைக்கென்று பார்த்துப் பரளச்சிப் பக்கத்துப் பெரிய சம்சாரி ஒருவர் வந்து, வண்டி வண்டியாகப் பருத்திக்கொட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நம் ஊர் வியாபாரிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் முகத்தில் முழித்தோம், யார் கையால் போணி ஆனது என்பதுதான் அவர்களுக்கு அன்றைய பொழுது. அப்பா மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்தார். அம்மாவிடம் சொன்னார்:

"இந்தா, இவ நம்ம வீட்டு லட்சுமி. நமக்கு முந்தியே எந்திரிச்சு உக்காந்திருக்கான்னா என்ன அர்த்தம்? நாலு வயசுப் புள்ள நாலு மணிக்கு எந்திரிக்குமா? தெய்வமாப் பார்த்து எழுப்பி விடுது."

எதிர் டீக்கடைப் பல்பு எழுப்பிவிடுகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அதிலிருந்து அது ஒரு சடங்காகிவிட்டது. அப்பா விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார். இறுக்க மூடிக்கொண்டு படுத்திருப்பார். தங்கை போய் அவர் முன்னால் நின்று, "அப்பா, முழிங்க" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கண் திறப்பார். அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் விரலைச் சொடுக்குவார். பிறகு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். முதல் சம்சாரி கொடுக்கிற காசை அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாப்பெட்டியில் போட வேண்டும். அதுதான் போணி. அவளுக்கென்று அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்தார். விடியாத இருட்டில் பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்து, தலை சீவி, மூட்டைகளை அடுக்கி மேலே உட்காரவைத்திருப்பார். சம்சாரிகள், "என்ன அண்ணாச்சி, அம்மனக் கொலுவுல வச்சிருக்கீக!" என்று சிரிப்பார்கள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார் என்றே சொல்லலாம். எனக்கு அப்போது வயிறு எரிந்தது. எனக்கு யாரும் பட்டுப்பாவாடை எடுக்கவில்லை.

போணி ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் அல்லவா? மாட்டார்கள். லட்சுமி கடைக்கு வந்துவிட்டுப் பாதியில் போகக் கூடாதாம். வெயில் ஏறி, முதல் கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் அங்கேயே இருக்க வேண்டும். கடையில் தூங்கவும் கூடாது. கல்லாவுக்கு எதிரே லட்சுமி கண்ணை மூடினால் அன்றைக்கு யாவாரமும் படுத்துவிடும் என்று ஒரு கணக்கு. அவள் தலை சாய்ந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பது, கடையில் உதவிக்கு இருந்த சித்தப்பாவின் வேலை. கொதிக்கக் கொதிக்க டீ வாங்கி, ஆற்றி, அதில் பன்னை நனைத்து ஊட்டுவார். அந்த வயதில் எனக்கே டீ கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் கடையை எட்டிப் பார்ப்பேன். அவள் மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணை அகல விரித்து வைத்திருப்பாள். விரித்த கண் சிவந்து ஈரமாக இருக்கும்.

பகலில் அவளோடு மல்லுக்கட்ட முடியாது. தொட்டால் கத்துவாள். கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். ஒரு தரம் என் தோளைக் கடித்துத் தோல் கிழிந்தது. சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவாள். ஓடியாடி விளையாடுகிற பிள்ளை நடையில் தள்ளாட ஆரம்பித்தாள். கன்னம் ஒட்டிப்போனது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "கண்ணுபட்டிருக்கு, சுத்திப் போடுங்க" என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். இன்னொருத்தி வயிற்றில் கீரிப்பூச்சி என்றாள். பேதிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்கள்.

அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அம்மா அதிகம் பேசாதவள். ஒரு நாள் நாலு மணிக்கு எதிர்க்கடை பல்பு எரிந்ததும், வெளிச்சம் எங்கே விழுகிறது, பிள்ளை எப்போது புரள்கிறது என்று படுத்தபடியே பார்த்திருக்கிறாள். அன்று பகலில் கடையிலிருந்து வந்த பழைய சாக்கு ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள். கோணி ஊசியை எடுத்து அதன் இரண்டு முனையிலும் காது வைத்துத் தைத்தாள். நான் ஊசியில் சணல் கோத்துக் கொடுத்தேன்.

"எதுக்கும்மா?"

"பச்சப்புள்ள தூங்கட்டும்டி. ரெண்டு நாளைக்காச்சும் தூங்கட்டும்."

சாயங்காலம் ஜன்னலில் இரண்டு ஆணி அடித்துச் சாக்கை மாட்டினாள். அப்பா வருவதற்கு முன்னாலேயே தங்கைக்குச் சோறு ஊட்டிப் படுக்கப் போட்டாள். அன்று தங்கை தூங்கிய தூக்கத்தை நான் மறக்க மாட்டேன். வாயைத் திறந்து, கையைக் காலை நாலு பக்கமும் போட்டுக்கொண்டு, மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படியாகத் தூங்கினாள்.

காலையில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "அப்பா, முழிங்க" என்ற குரல் வரவில்லை.

"எங்க லட்சுமி?"

"தூங்குறா."

"எழுப்பு."

"உடம்புக்கு முடியல. இன்னைக்கு ஒரு நாளு விடுங்க. சாமி படத்தப் பார்த்துட்டுப் போங்க."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே, கண்ணை மூடியபடி தடவித் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கண் திறந்தார். தங்கை வெயில் ஏறின பிறகுதான் எழுந்தாள். எழுந்ததும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பிற்பகலில் என்னோடு பாண்டி ஆடினாள். புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் சரியாக எண்ணினாள்.

சாயங்காலம் மழை பிடித்தது. சித்திரையில் அப்படி ஒரு மழையை நம் பக்கத்தில் யார் எதிர்பார்ப்பார்கள்? கண்மாய் எல்லாம் வெடித்துக் கிடந்த ஊரில் ஜனம் தெருவில் வந்து நின்று நனைந்தது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் ஓசியில் டீ கொடுத்தார். அன்று ஊரில் மழையைப் பார்த்து அழுதவர் எங்கள் அப்பா ஒருவர்தான். முதல் நாள் இறங்கிய ஒரு லோடு கடலைப்புண்ணாக்கு, உள்ளே இடமில்லாமல் கடைக்குப் பின்னால் வெட்டவெளியில் அடுக்கியிருந்தது. தார்ப்பாயைத் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாம் ஊறிப்போய்விட்டது. பிறகு ரொம்ப நாளைக்கு அந்தத் தெருவே பூசணம் பிடித்த புண்ணாக்கு நாற்றம் நாறியது.

நனைந்த வேட்டியோடு வந்து நின்றவர் கண்ணில் ஜன்னல் சாக்கு பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் ஆணியோடு பிடுங்கினார்.

"எங் கடைச் சாக்க வச்சே எங் குடியக் கெடுத்துட்டியேடி! லட்சுமிய மூடி வச்சா மூதேவி வராம என்ன செய்வா?"

"புண்ணாக்க வெளிய அடுக்கச் சொன்னது யாரு? இந்தப் புள்ளயா?"

அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். அம்மாவுக்கு அடி விழுந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. மறுநாள் அம்மா பிள்ளையைத் தருமாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டர், "வளர்ற புள்ளைக்குச் சோறு மாதிரிதான் தூக்கமும். இப்படிக் கெடுத்தா புள்ள தேறாது" என்று சொல்லி அனுப்பினார். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "அவருக்கு வைத்தியம் தெரியும், யாவாரம் தெரியுமா?" என்றார்.

அன்று ராத்திரியிலிருந்து தங்கையின் படுக்கையை ஜன்னலுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டார்கள். எதிர்க்கடை வெளிச்சம் தவறாமல் முகத்தில் விழட்டும் என்று அப்பாவே அளவு பார்த்துப் போட்டார். வெளிச்சத்தில்தான் அவள் முழிக்கிறாள் என்பது அப்போது அவருக்கும் தெரிந்திருந்தது. தெய்வம் எழுப்புகிறது என்று சொல்வதை மட்டும் அவர் விடவில்லை.

அப்பாவுக்கு அவள் மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திருவிழாவில் அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பார். தோளை விட்டு இறக்க மாட்டார். அந்தப் பிரியத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கசக்கிறது. வெறுப்பாக இருந்திருந்தால் அவளைத் தூங்கவாவது விட்டிருப்பார்.

வைகாசியில் ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். அப்பா தராசில், சித்தப்பா உள்ளே மூட்டை புரட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. மூட்டை அடுக்கின் மேலே பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த தங்கை தூங்கிப்போனாள். தூக்கத்திலேயே சரிந்து கீழே விழுந்தாள். கீழே வரிசையாக இரும்பு எடைக்கற்கள் இருந்தன. ஒரு கல்லின் விளிம்பு அவள் நெற்றியிலிருந்து இடது கண் இமை வழியாகக் கன்னம் வரைக்கும் கிழித்துவிட்டது. சிந்திக் கிடந்த பருத்திக்கொட்டையெல்லாம் சிவந்துபோயிருந்ததாக, தூக்கிக்கொண்டு ஓடிவந்த சம்சாரி ஒருவர் அம்மாவிடம் சொன்னார். விழுந்து அடிபட்ட பிறகுதான் பிள்ளை கண் விழித்தது என்றும் அவர் சொன்னார்.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பார்வை போகாமல் தப்பியது. தையல் ஆறினபோது இமையை இழுத்துக்கொண்டுவிட்டது. இடது கண்ணை முழுசாக மூட முடியாது. தூங்கும்போதும் ஒரு கோடு போலத் திறந்தே இருக்கும். நெற்றியிலும் கன்னத்திலும் தழும்பு புடைத்து நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் நடந்ததைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நாலு மணிக்கு எதிர்க்கடை பல்பு எரிந்தது. தங்கை வழக்கம்போல் எழுந்தாள். அவளாகவே பெட்டியைத் திறந்து, அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த பட்டுப்பாவாடையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அதில் கறை முழுக்கப் போகவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, முழிங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். மூடியபடியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தங்கை இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அப்பா, முழிங்க, நான் வந்துட்டேன்" என்றாள். அவர் கையை மட்டும் பின்னால் வீசி, போ என்று காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. சுவரை ஒட்டிய இடுக்கு வழியாக நுழைந்து அவர் முகத்துக்கு நேரே வரப் பார்த்தாள். அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள்.

"இந்தா, இனிமே காலையில இவள எம் முன்னாடி விடாத. மொகம் இப்பிடி ஆகிப்போச்சு. இதுல முழிச்சிட்டுப் போயி நான் என்னத்த யாவாரம் பண்ண?"

அவ்வளவுதான். லட்சுமி என்ற பேர் அன்றோடு போனது. பட்டுப்பாவாடை பெட்டிக்குள் போய், பிறகு எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பா காலண்டர் படத்தில் முழிக்க ஆரம்பித்தார். யாவாரம் அதே மாதிரிதான் நடந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அம்மா மறுபடி சாக்கை மாட்டினாள். இப்போது யாரும் பிடுங்கவில்லை. பிள்ளை இஷ்டத்துக்குத் தூங்கலாம். ஆனால் நாலு மணிக்கு அவள் உடம்பு எழுந்துவிடும். இருட்டில், சத்தமில்லாமல், முழித்துக்கொண்டு கிடப்பாள். எழுந்து நடமாடினால் அப்பா முன்னால் போய்விடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம். "அப்பா கடைக்குப் போற வரைக்கும் கண்ணத் தொறக்காதடி தங்கம்" என்று கெஞ்சுவாள். ஒரு கண்தான் மூடாதே! அதனால் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிவிடுவாள். அப்பா எழுந்து, பல் விளக்கி, செருப்பு மாட்டி, சந்தைத் தாண்டிப் போகிற சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் தலையை வெளியே நீட்டுவாள். எழுப்பி எழுப்பிப் பழக்கின பிள்ளையைத் தூங்குகிற மாதிரி நடிக்கப் பழக்கினார்கள்.

ஒண்ணாப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். டீச்சர் மந்தம் என்று எழுதினார்கள். புளியங்கொட்டையைச் சரியாக எண்ணின பிள்ளைதான். ஒண்ணாப்பையே இரண்டு தரம் படித்தாள். ஐந்தாவதோடு போதும் என்று அப்பா நிறுத்திவிட்டார்.

தழும்பு இருந்ததால் மாப்பிள்ளை அமைவது இழுபறியாகி, கடைசியில் திருச்சுழியில் கொடுத்தார்கள். தாலுகா ஆபீஸில் கடைநிலை ஊழியர். நல்ல மனிதர்தான். அங்கே போயும் அவள் நாலு மணிக்கு முழித்து, புருஷன் வேலைக்குக் கிளம்புகிற வரைக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். மாமியார் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே தெருவுக்குக் கேட்கும்படி, "எம் மருமக தூங்குமூஞ்சி, புருசன் போனாத்தான் எந்திரிப்பா" என்று சொல்வாராம். ஆயுசில் ஒரு நாளும் கண்ணாரத் தூங்காத பெண்ணுக்குக் கிடைத்த பட்டம் அது.

அப்பா இறந்தது ஒரு பொங்கல் சமயத்தில். பிள்ளைகளோடு நாங்கள் இரண்டு பேரும் அப்பா வீட்டுக்குப் போய், அதே அறையில்தான் படுத்திருந்தோம். விடிந்து அம்மா காப்பி கொண்டுபோனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நெஞ்சுவலி, இன்னும் கொஞ்சம் முந்தித் தெரிந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மா தான் சாகிற வரைக்கும் அதையே சொல்லிப் புலம்பினாள்: "வீடு நெறைய ஆளு இருந்தும் ஒருத்தருகூட முழிச்சிருக்கலையே." நாங்களும் ஆமாம் என்று தலையாட்டுவோம்.

தங்கையின் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளை நான் என்னோடு வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் வெளியூரில். இங்கே என் வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லை, கடைக்குப் போகிறவரும் இல்லை. இருந்தாலும் அவள் போர்வைக்குள்தான் விடிய விடியக் கிடப்பாள். மாடி வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து வாசலுக்கு வருவாள். "ஏன்டி, உனக்கென்ன, எந்திரிச்சு வாயேன்டி" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள். சிரிக்கும்போது அந்த இடது கண் மட்டும் சிரிக்காது.

மாடி வீட்டுக்காரரை நான் திட்டின அன்று மத்தியானம் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஆளையும் அப்பாவையும் சேர்த்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த காயை உரிக்காமல் வைத்திருந்தாள்.

"அப்பாவத் திட்டாதக்கா."

"ஏன்? செத்துப்போனா எல்லாம் சரியாப் போச்சா?"

"அதில்லக்கா." கையிலிருந்த காயை முறத்தில் போட்டாள். "அப்பா போன அன்னைக்கு விடிகாலையில கூப்பிட்டாருக்கா. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் கூப்பிட்டாரு. 'யாரு முழிச்சிருக்கீக, யாராச்சும் வாங்க'ன்னு. மூணு தரமோ நாலு தரமோ கேட்டாரு."

நான் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அம்மா எந்திரிக்கும்னு பார்த்தேன். நீ எந்திரிப்பேன்னு பார்த்தேன். யாரும் எந்திரிக்கல. ஒங்கள எழுப்பணும்னாலும் அவரத் தாண்டித்தானக்கா வரணும்."

"நீ?"

"நான் முழிச்சுத்தான்க்கா இருந்தேன்." அவள் முந்தானையை இழுத்து அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடியலையேக்கா. எம் மொகத்தக் கொண்டுபோயி அவருக்கு எப்பிடிக் காட்டுறது?"